ஆறு வாரக் கோதுமை

வழிப் பக்கத்து இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தீர்களே, அதற்கு நன்றி சார். கால் நீட்டுவதற்காகக் கேட்கவில்லை. வயிறு கூப்பிட்டால் நான் உடனே எழுந்தாக வேண்டும். யாருடைய முழங்காலையும் தாண்டிக்கொண்டு போகிற வயது இல்லை.

பிஸ்கட்டா? வேண்டாம் சார். இன்றைக்கு எதுவுமே கூடாது. மதுரையில் மூன்று மணிக்குத் தொண்டை வழியாகக் குழாய் விட்டு, குடலில் ஒரு துணுக்குக் கிள்ளி எடுக்கப் போகிறார்கள். உங்கள் பையைப் பார்த்தேன், மருந்துக் கம்பெனி. எந்தப் பிரிவு? கண் சொட்டு மருந்தா? நல்லது. வயிறு உங்கள் துறை இல்லை. நான் சொல்லும்போது குறுக்கே திருத்த மாட்டீர்கள்.

மெதுவாகத்தான் பேசுவேன். முன்னால் மூன்றாவது வரிசையில், சாம்பல் நிறச் சேலை, மடியில் ஒயர் கூடை. அதுதான் என் மனைவி எமரன்சியா. துணைக்கு ஒருவர் வந்தால்தான் குழாய் விடுவார்களாம். கண்டக்டர் அவளைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டார். என் பெயர் தஸ்நேவிஸ். ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர். முப்பத்தொரு வருடம் வகுப்பில் பேசிப் பேசி எனக்கு இப்படித்தான் பேச வரும். சலிப்பாக இருந்தால் தூங்கிவிடுங்கள். என் மாணவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

எல்லாம் பொங்கல் கழிந்து ஆரம்பித்தது. அதற்கு முன்பே இரண்டு வருடமாக எனக்கு வயிறு சரியில்லை. உப்புசம், இரைச்சல், சாப்பிட்ட அரைமணியில் ஓட்டம். எடை ஒன்பது கிலோ குறைந்திருந்தது. ஊரில் காட்டிய மருத்துவர் வயது என்றார். அறுபத்திரண்டு ஒரு நோயா சார்? அப்போதுதான் பள்ளியில் பழைய ஆசிரியர்கள் கூடுகை. அங்கே மேபல் டீச்சரைப் பார்த்தேன். மனையியல் ஆசிரியை. இருபத்தாறு வருடம் ஒரே ஆசிரியர் அறை, எதிரெதிர் மேசை. இப்போது பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வியாழக்கிழமை தோறும் புட்டு கொண்டுவருவார், அதில் எனக்கு ஒரு பங்கு. அவ்வளவுதான் பழக்கம்.

அவர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சார், நாக்கை நீட்டுங்க." நீட்டினேன். எல்லார் முன்னாலும். வெள்ளை படிந்திருக்கிறது என்றார். கனடாவில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் இதேதானாம். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம். அது குடல் சுவரை அரிக்கும். அரித்த இடத்தில் ஈஸ்ட் பெருகும். ஈஸ்ட் சர்க்கரை கேட்கும், கொடுத்தால் இன்னும் பெருகும், நாக்கு வரை ஏறி வரும். ஒரு கொடி பந்தல் ஏறுவது போல. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தாவரவியல் ஆளுக்குச் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னார். ஊர் மருத்துவர் ஒருவர்கூட எனக்கு இப்படி விளக்கியதில்லை.

மறுநாளே பட்டியல் வந்தது, வாட்ஸ்அப்பில். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட் கூடாது. இது குளூட்டனுக்கு. இட்லி, தோசை, ஆப்பம், தயிர், பழைய சோறு, வாழைப்பழம், சர்க்கரை கூடாது. இது ஈஸ்டுக்கு. புளித்ததெல்லாம் விலக்கு. மிச்சம் என்ன? சாமை, தினை, கீரை, மீன். காலையில் பல் விளக்குவதற்கு முன் நாக்கைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, "இன்று பரவாயில்லை", "இன்று ஓரம் தெளிவு" என்று பதில் போடுவார். நன்றாக இருந்தால் ஒரு பூவும் போடுவார். மொத்தம் எழுபத்தொரு படங்கள். எனக்கு எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

எமரன்சியாவுக்கு இதில் என்ன சிரமம் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு வேலை குறைந்தது, இல்லையா? மாவு ஆட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து ஆப்பம் ஊற்ற வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து ஊற்றுகிறாள், ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக. அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் வைத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு ஈஸ்டைப் பற்றிச் சொன்னேன். ஆப்பத்தில் தெரியும் ஒவ்வொரு பொத்தலும் ஒரு ஈஸ்ட் விட்ட மூச்சு என்று சொன்னேன். அறிவியல் ரீதியாக அது சரிதான். அவள் ஆப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு நாள் பெருங்காய டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம் சார், கோதுமை மாவு கலந்தது! பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். ஒரு சட்டி ரசத்தை அப்படியே கொட்டினேன். அதற்குப் பிறகு அவள் எனக்குத் தனிச் சட்டி வைத்துவிட்டாள். எவ்வளவு ஒத்துழைப்பு பாருங்கள்.

ஒருநாள் மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மகள் பேரனின் படம் அனுப்பியிருந்தாள். அதை என் போனில் தேடப் போய் எமரன்சியா மேபல் டீச்சர் பக்கத்தைத் திறந்துவிட்டாள். வரிசையாக என் நாக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பதில், நடுநடுவே பூ. "என்னங்க இது?" என்றாள். மேபல் டீச்சர் கேட்டார், அனுப்பினேன் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைத்தாள். காலையில் துவைத்த துணிகளையே.

இனிமேல்தான் விஷயம். நீங்கள் எங்கள் கத்தோலிக்கச் சபை இல்லை, அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். பூசையில் சாமியார் கோதுமை அப்பத்தை மந்திரித்து எல்லாருக்கும் கொடுப்பார். காசு அகலத்தில் மெல்லிய தகடு. அதற்கு நன்மை வாங்குவது என்று பெயர். பெரிய பாவம் செய்தவன் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது சாமியாரிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லி, மன்னிப்புப் பெறாமல் நன்மை வாங்கக் கூடாது. ஆகவே ஒருவன் கோயிலுக்கு வந்தும் நன்மை வாங்கப் போகவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? உங்களுக்கே தெரிகிறது. எங்கள் ஊரில் பூசையை யார் கவனிக்கிறார்களோ இல்லையோ, யார் எழுந்து போகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பார்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு. வரிசையில் பாதி தூரம் போய்விட்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நன்மை கோதுமை! பட்டியலில் முதல் வரி! திரும்பி நடந்தேன். நடுக்கோயிலில், நூற்றுக்கணக்கான பேர் பார்க்க, வரிசைக்கு எதிர்த்திசையில் நான் ஒருவன். பெண்கள் வரிசையில் எமரன்சியா எனக்கு நேராக வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் போய் வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அவளும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்றாள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏங்க, உங்க மனசுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் சிறுகுடல் வரைந்தேன். விரல் போன்ற குடலுறிஞ்சிகளை ஒவ்வொன்றாக வரைந்து, குளூட்டன் அவற்றை எப்படி மழுங்கடிக்கிறது, ஈஸ்ட் எங்கே குடியேறுகிறது, எல்லாம் அம்புக்குறி போட்டு, நாற்பது நிமிடம் விளக்கினேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவ்வளவு தெளிவு. தாளை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து ஹாலில் படுக்க ஆரம்பித்தாள். மார்ச் வரப்போகிறது, வெயில் ஏறிவிட்டது. ஹாலில் காற்று நன்றாக வரும்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தவக்காலம் முழுக்க நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது எளிது என்று நினைக்காதீர்கள். என் வரிசையில் உள்ள எல்லாரும் எழுந்து என்னைத் தாண்டிப் போவார்கள். நான் காலை மடக்கி வழிவிட வேண்டும். ஒருவர் பாக்கி இல்லாமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வட்டிக்கு விடுகிறவன் போனான். தம்பியை வீட்டை விட்டுத் துரத்தியவன் போனான். நான் காலை மடக்கினேன். பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வேறு யாரோ வாசித்தார், நான்கு பிழைகள்.

சரி, முறைப்படி போவோம் என்று சபைச் சட்டப் புத்தகம் படித்தேன். வழி இருக்கிறது சார். குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் என்று ஒன்று உண்டு. அல்லது அப்பத்தை விட்டுவிட்டுத் பூசைக்கு வைக்கும் திராட்சை ரசத்தை மட்டும் வாங்கலாம். ஆனால் ரசம் ஈஸ்டில் நொதித்தது. மேபல் டீச்சர் அதுவும் கூடாது என்றார். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் அடங்கிவிடும் என்று நான் வாதாடினேன். இரண்டு நாள் வாதாடினோம், போனில், சாயங்காலம் முழுக்க. கடைசியில் ஒரு சொட்டு என்றால் சரி என்றார். அப்புறம்தான் எங்கள் பங்குச் சாமியார் லியோனைப் பார்க்கப் போனேன்.

தவக்காலத்தில் அவரைப் பிடிப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபத்துக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், வலை வைத்த மரக் கூண்டுக்குள், இருப்பார். நான் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் முழங்காலிட்டு, வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து விஷயத்தை ஆரம்பித்தேன். குடல், குளூட்டன், சட்டப் புத்தகத்தின் பக்க எண், ரசத்தின் நொதித்தல், எல்லாம். சாமியார் சின்ன வயது, பொறுமைசாலி. கடைசியில், "சார், டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. பிஷப் ஹவுஸுக்கு எழுதி அனுமதி வாங்கிடலாம். தயவுசெய்து இப்ப எழுந்திருங்க, வெளியில ஆள் நிக்கிறாங்க" என்றார்.

வெளியே வந்தால் வரிசை கோயில் கதவு வரை நீண்டிருந்தது. எல்லார் கண்ணும் என் மேல். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சந்தியாகு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். "சாருக்கு இருபத்தஞ்சு நிமிஷம். நம்ம ஊர்ல ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனே பத்து நிமிஷத்துல முடிச்சிட்டான்." பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் எமரன்சியா செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் மணி பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நான்கு அடி முன்னால் நடந்தாள். நானே சாமியார் கேட்ட சர்டிபிகேட்டைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்கும் சாமிக்கும் நடுவுல உள்ளத என்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

மதுரையில் குடல் மருத்துவரைப் பார்த்தேன், தனியாக. நாக்கை நீட்டினேன். "நாக்கு வழிக்கிறீங்களா?" என்று கேட்டார். அது ஈஸ்ட் இல்லையாம். வழிக்காத நாக்கு இப்படித்தான் இருக்குமாம். நாக்குப் படத்துக்கும் குடலுக்கும் சம்பந்தம் இல்லையாம். ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் இருக்கலாம், எடை குறைந்திருப்பதைப் பார்த்தால் சோதிக்க வேண்டும் என்றார். அப்படியானால் சோதித்து சர்டிபிகேட் கொடுங்கள் என்றேன். எத்தனை நாளாகக் கோதுமை சாப்பிடவில்லை என்றார். இரண்டு மாதம் என்று பெருமையாகச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். நிறுத்திவிட்டால் குடல் ஆறிவிடும், சோதனையில் ஒன்றும் தெரியாது. ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்போதுதான் குழாய் விட்டுப் பார்க்க முடியும் என்றார்.

யோசித்துப் பாருங்கள் சார். கோதுமை சாப்பிட முடியாதவன் என்று நிரூபிக்க நான் கோதுமை சாப்பிட வேண்டும். சர்டிபிகேட் இருந்தால்தான் நன்மைக்கு மாற்று. கோதுமை தின்றால்தான் சர்டிபிகேட். மேபல் டீச்சர் கூடவே கூடாது என்றார். எழுபது நாள் உழைப்பு வீண் என்று போனிலேயே அழுதார். நல்ல மனசு.

வீட்டுக்கு வந்து எமரன்சியாவிடம், இனி தினம் இரண்டு சப்பாத்தி போடு என்றேன். காரணத்தையும் சொல்லிக்கொண்டே சமையலறை வரை பின்னால் போனேன். குக்கர் விசிலில் கேட்டிருக்காது. அவள் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை, மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கேட்டேன், நான்கு போட்டாள். சூட்டோடு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, நான் வாயில் வைக்கும் வரை நின்று பார்த்தாள்.

குருத்தோலை ஞாயிறு அன்று தொடங்கினேன். எப்படியும் கோதுமை தின்கிறோம், நன்மையை மட்டும் ஏன் விட வேண்டும்? நியாயம்தானே? அடுத்த ஞாயிறு ஈஸ்டர். காலைப் பூசையில் எழுந்து வரிசையில் நின்றேன். கோயிலில் ஒரு அசைவு, காற்றுக்கு நெல் சாய்கிற மாதிரி. தவக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன், இருபத்தைந்து நிமிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவன், ஈஸ்டர் அன்று எழுந்து போகிறான். கணக்கு சரியாக வந்துவிட்டது அவர்களுக்கு. பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்காத ஆள் இல்லை. சந்தியாகு, "சார், போனது போகட்டும்" என்றான். என்ன போனது? கேட்க நினைத்தேன். ஆனால் பக்கத்தில் எமரன்சியா நின்றாள். இரண்டு மாதம் கழித்து அவளும் நன்மை வாங்கியிருந்தாள். முழங்கால் வலியைக் காணோம்.

மத்தியானம் ஆட்டுக்கறி வைத்திருந்தாள். அதோடு ஆப்பம். எனக்கு ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எதிரில் உட்கார்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சாமிகிட்ட சொல்லிட்டீங்க. சாமி மன்னிச்சாச்சு. அப்புறம் நான் யாருங்க?" என்றாள். "எத்தனை வருஷம், எதுவரைக்கும், எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். மேபல் டீச்சர் பேச்சை இனி இந்த வீட்டுல எடுக்காதீங்க. நானும் எடுக்க மாட்டேன். நான் மன்னிச்சிட்டேன்."

பிய்த்த ஆப்பத்தைத் தட்டிலேயே வைத்தேன். மேபல் டீச்சரா? நானா? இந்த உடம்பை வைத்துக்கொண்டா? உண்மையைச் சொன்னால் சார், அரை நிமிடம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு மறுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் ஆயுளில் நான் எதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்? கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிவிப்பு, சாமியார் பிரசங்கம், இந்தப் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நாளாகத் தூக்கி வந்த சுமையோ, இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொன்னால், திரும்பவும் அதைத் தூக்கித் தலையில் வைப்பாள். இன்னொரு காலண்டர் தாளைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆப்பத்தைத் தின்றேன்.

அன்றே தலையணை உள்ளே வந்துவிட்டது. இந்த ஆறு வாரத்தைப் போல ஒரு காலம் எங்கள் கல்யாண வாழ்க்கையில் இருந்ததில்லை சார். கோயிலுக்குச் சேர்ந்து நடக்கிறோம். நான் பேசினால் சிரிக்கிறாள். வேலியில் பூத்திருக்கும் கொடிக்குத் தாவரவியல் பெயர் கேட்டாள் ஒருநாள்! தினம் நான்கு சப்பாத்தி, ஞாயிறு நன்மை. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி வலி. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருப்பேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. வெளியே வந்தால், "இப்ப வயிறு எப்படிங்க இருக்கு?" என்பாள். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பேன். இன்னும் நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். இடுப்பில் பெல்ட்டுக்கு இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறேன், அவளுக்குத் தெரியாமல். மேபல் டீச்சருக்கு இனி அழைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பதிலுக்கு, "நாக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. அந்த ஒன்றுதான் கொஞ்சம் உறுத்துகிறது. காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது முக்கியமாக.

குழாய்ச் சோதனையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தேதி சொல்ல வீட்டுப் போனுக்கு அழைத்து, அவள் எடுத்துவிட்டாள். கூட வருகிறேன் என்று அவளே கிளம்பினாள்.

இன்று காலை தூத்துக்குடி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவள் சொன்னாள், "ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு வரணும்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன்." மனைவிக்குக் கணவன் உடம்பு மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே ஏதாவது இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லதுதானே, உணவை மாற்றினால் சரியாகிவிடும் என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நிற்கிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருந்துச்சுன்னா, நீங்க அன்னைக்குப் படம் போட்டுச் சொன்னதெல்லாம் நிஜம்னு ஆயிடுமேங்க. ஒரு தப்பும் செய்யாத மனுஷனைத் தள்ளி வெச்சிருக்கேன். மன்னிச்சேன்னு வேற சொல்லியிருக்கேன். நீங்களும் பேசாம வாங்கிக்கிட்டீங்க. அப்புறம் நான் எந்த முகத்தோட உங்களுக்குச் சோறு போடுவேன்?"

அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது. ஏறினோம். அவள் அங்கே, நான் இங்கே.

அப்போதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். நோய் இருக்கிறது என்று வந்தால் சர்டிபிகேட் கிடைக்கும். பிஷப் அனுமதி தருவார். ஊருக்கு முன்னால் நான் சுத்தமானவன் ஆவேன். வலியும் நின்றுவிடும். அவளுக்குத்தான் வீட்டில் நிற்க இடம் இருக்காது. இல்லை என்று வந்தால், அவள் நினைத்தது சரி, மன்னித்தது சரி, எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

இருக்கிறது சார். எனக்குத் தெரியாதா? என் குடல்தானே. குழாயில் தெரியாமல் போகாது. ஆனாலும் சில சமயம் கிள்ளுகிற துணுக்கு நல்ல இடத்திலிருந்து வந்துவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படி நடக்கிறது. எப்போதாவது.

அவள் உதடு அசைகிறது பாருங்கள், இங்கிருந்தே தெரிகிறது. செபமாலை சொல்கிறாள். நானும் அதையேதான் வேண்டிக்கொண்டு வருகிறேன். ஒன்றும் இல்லை என்று வரட்டும். நான் பாவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.